திருத்திய விலை

அப்பா இறந்தது ஞாயிறு.
ஞாயிற்றுக்கு விலை கிடையாது.
பட்டியலில் வெள்ளிக்கு அடுத்த வரி திங்கள்,
நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.
பாகம் பிரிக்க வந்த கணக்கர்
வெள்ளி மூன்றரை மணியின் முடிவு விலையை எழுதிக்கொண்டார்:
அறுநூற்று நாற்பது.
அப்பா உயிரோடிருந்த விலை அது.
அந்த மூன்றரைக்கு அவர் பாம்பன் தென்கடல் கரையில்
கணவாய் எடை போட்டுக்கொண்டிருந்தார்.
நாற்பது கிலோ.

உறைமீன் கம்பெனியின் நூறு பங்கு எனக்கு.
எஞ்சினோடு வல்லம் அண்ணன் ஜெர்வாசுக்கு.
ரெண்டும் அறுபத்து நாலாயிரம், சரிக்குச் சரி.
“காகிதத்த உலையில போட்டா கஞ்சியாகுமா பவுலின்?” என்றான்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

பதினாறு வருஷம் கழித்து, போன வாரம்,
மகளின் போனில் விலை பார்த்துவிட்டு வந்தான்.
“முந்நூத்திப் பத்தாம்ல. பாதி போச்சே புள்ள.”
அவன் குரலில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லவேண்டும்.
பக்கத்து வீட்டு வலை பாரில் மாட்டிக் கிழிந்ததைச்
சொல்ல வருகிறவனின் குரல்.

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக் கடையில்
அச்செடுத்த முப்பத்திரண்டு பக்கத்தை விரித்தேன்.
இரண்டு இடத்தில் விலை தொபுக்கென்று விழுகிறது.
முதலாவது, ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நாள்.
அடுத்தது, பத்து ரூபாய்ப் பங்கை உடைத்து
ரெண்டு ரூபாய்ப் பங்கு ஐந்தாக்கிய நாள்.
சீலாவை ஐந்து துண்டு போட்டு
ஒரு துண்டைத் தராசில் வைத்து
மீன் இளைத்துப்போச்சு என்பாயா அண்ணே?
நூறு இப்போது ஆயிரம்.
இன்றைய அளவுக்கு அந்த வெள்ளிக்கிழமை
அறுநூற்று நாற்பது இல்லை, அறுபத்து நாலு.
பக்கத்துக் கட்டத்தில் ஈவுத்தொகையும் கழித்து
ஐம்பத்தேழு என்று போட்டிருந்தது.

கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதே.
பதினோராம் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே,
முப்பத்தொன்று,
அன்று விற்கத்தான் போனேன்.
தரகர் கடை பூட்டியிருந்தது, யார் வீட்டுக் கல்யாணமோ.
மண்டபத்துக்குத் திரும்பி
ஐஸ் ஆலையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன்.
இப்போது பார்த்தால் பள்ளம் பள்ளமாகவே தெரிகிறது.
அன்றைக்கு அது
இன்னும் எத்தனை பாகம் ஆழம் என்று தெரியாத தண்ணீர்.
பூட்டு இந்தப் பட்டியலில் இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, “அப்ப என் வல்லத்துக்கும் போடு.”

போட்டோம்.
எஞ்சின் ரெண்டு தரம் மாற்றியது,
அணியத்துப் பலகை, மேலே பூசிய ஃபைபர்,
நங்கூரம் அறுந்த ஐப்பசி,
எல்லாம் கழிவு.
ஆனால் அது தினம் தினம் ஈவு கொடுத்ததே!
ரெண்டு பெண்களின் படிப்பு, தளம் போட்ட வீடு,
மாதாகோவில் வரி, அவன் குடித்தது.
அதற்கெல்லாம் எந்தச் சந்தை தேதிவாரியாக எழுதி வைத்தது?

ஆலையின் அடிக்கட்டைகள் என்னிடம் இருந்தன.
அவன் ஐஸ் வாங்கிய நாள் கடலுக்குப் போன நாள்.
கச்சான் அடித்து நாற்பது நாள்
அவன் பெயரே இல்லாத ஆனி ஒன்று இருந்தது.
அதைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.
நானும் கேட்கவில்லை.

ராத்திரி பத்தரைக்கு ரயில் பாலத்துப் பக்கம் சத்தம்.
கூட்டல் இன்னும் வரவில்லை.
ஆவணியில் கம்பெனி மறுபடி ஈவு கொடுக்கும்.
ஐம்பத்தேழு ஐம்பத்தாறாகும்.
அந்த வெள்ளிக்கிழமை
போன இடத்திலும் சும்மா கிடக்காது
என்று சொல்லி,
நாற்பது கிலோவாவது நாற்பதாகவே நிற்கட்டும் என்றேன்.

“நாப்பதில்ல,” என்றான் ஜெர்வாஸ், செருப்பைத் தேடியபடி.
“முப்பத்தெட்டு.
ஐஸ் தண்ணிக்கு ரெண்டு கழிச்சானே ஏவாரி.
அப்பா அதுக்குச் சண்ட போட்டாரே,
உனக்குத் தெரியாதா?”