சனிக்கிழமை இஞ்சின்

முனைக் கரையில், சங்கக் கட்டிடத்துக்குப் பின்னால்
நீலப் பீப்பா ஒன்று.
சனி காலை அதில் நல்ல தண்ணி நிரப்புவோம்,
பவுசர்த் தண்ணி, வாளிக் கணக்கில்.
இஞ்சினைத் தூக்கி, வால் நனைய உள்ளே இறக்கி
குலவீரன் கயிற்றை இழுப்பான்.
ஒருதரம். இரண்டுதரம்.
மூன்றாவதில் அது இருமிக்கொண்டு எழும்பும்.

பத்து நிமிடம் ஓடவேண்டும், எங்கும் போகாமல்.
உப்புக் கழுவும் வேலை.
இதைத்தான் கடல் மீட்பு நிலையம் என்று
சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.
கீழே தொலைபேசி இலக்கம்.
கடைசி எண் உதிர்ந்துவிட்டது;
அது ஏழு என்று ஊருக்குத் தெரியும்.

ஐந்து பேர். சம்பளம் இல்லை.
குலவீரன் சைக்கிள் கடை. நேசராசா ஆட்டோ.
வின்சன்ற்றுக்குக் கடலில் சத்தி வரும்,
வந்தாலும் இஞ்சின் பிடியிலிருந்து கையை எடுக்கமாட்டான்.
நித்தியா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள்;
காற்றையும் நீரோட்டத்தையும் கூட்டிக் கழித்து
ஒரு போட் எங்கே மிதந்து போயிருக்கும் என்று
பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் கீறித் தருவாள்.
எனக்குச் சாவியும் பதிவுக் கொப்பியும்.

அங்கி பதினொன்று. இரண்டுக்கு வார் இல்லை,
ஒன்றை எலி அரித்தது.
பெற்றோல் ஐம்பத்துமூன்று லீற்றர்.
திருவிழா ஜெனரேற்றருக்கு இரவல் போன ஏழு
இன்னும் வரவில்லை.
பொய்த் தேடல் ஒன்று:
காணாமற்போனவர் மச்சான் வீட்டில் நித்திரை.
இப்படியே பக்கம் பக்கமாய்.

போன வாடையில், ராத்திரி ஒன்றேகாலுக்கு
ஜெசிந்தா எடுத்தாள்.
"இவர் எட்டுக்கு வாறதெண்டவர்."
அவ்வளவுதான். அழவில்லை.
பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம்.

நித்தியாவின் கோடு மேற்கே வளைந்தது.
அதன்மேல் போனோம்.
அலையில் ஏறி, விழுந்து, ரோச்சை நீட்டி,
இஞ்சினை நிறுத்திக் காது கொடுத்து,
மறுபடி கயிறு இழுத்து.
நிறுத்தும்போதுதான் பயம்.
திரும்ப எழும்பும் என்பதற்கு
அந்தப் பீப்பா மட்டுமே பிணை.

மூன்று நாற்பதுக்கு, வல்வெட்டித்துறைக்கு நேரே வெளியே
பத்திநாதர் நின்றார், முழங்கால் தண்ணிக்குள்,
ஐஸ்பெட்டி மூடியால் இறைத்துக்கொண்டு.
எங்களைக் கண்டதும் முதல் கதை:
"வலையை விட்டிட்டு வரமாட்டன்."

விதி எழுதியிருக்கிறது: ஆள் மட்டும், பொருள் இல்லை.
கீழே தலைவரின் கையொப்பம்.
வின்சன்ற் சத்தி எடுத்து, வாயைத் துடைத்து,
அந்த விதியைக் காற்றுக்கு மேலால் கத்தினான்.
வலையின் விலை எல்லாருக்கும் தெரியும்.
எந்த வங்கிக் கடன் என்று தெரியும்.
பிணைக் கையெழுத்து நேசராசாவினுடையது.
அவன்தான் முதலில் குனிந்து வலையைப் பிடித்தான்.

நாற்பது நிமிடம். விரல் இடுக்கெல்லாம் வெடித்தது.
விடிந்தபின் கொப்பியில் எழுதினேன்:
இயந்திரக் கோளாறு. ஒருவர். நலம்.
நாற்பது நிமிடத்துக்கு நிரல் இல்லை.

கிழமை கழித்துப் பத்திநாதர் வந்தார்.
நன்றி சொல்லத்தான் என்று நினைத்து
வின்சன்ற் கதிரையை எல்லாம் இழுத்துப் போட்டான்.
ஐஸ்பெட்டி மூடி எங்கள் போட்டில் கிடக்குதோ என்று கேட்டார்.
கிடந்தது.
கொண்டு போனார்.

கொப்பியில் ஒரு பக்கத்தை மட்டும்
விரல் படாமல் திருப்புவேன்.
மூன்று நாள் தேடினது.
கரை சேர்ந்த நேரம் என்ற நிரலில்
எங்களுடைய நேரம் இருக்கிறது.
டெனிஸ்ரனுக்கு இருபத்திரண்டு வயது.
அவனுடைய தாய் பிலோமினா
சனிதோறும் பத்தரைக்கு எங்கள் இலக்கத்துக்கு எடுப்பா.
ஒருவரும் அவவிடம் கேட்கவில்லை.
லைன் வேலை செய்யுதோ என்று பார்க்கிறாவாம்.

இன்றைக்கும்
பீப்பாக்குள் இஞ்சின் கத்துகிறது,
தண்ணி நுரைத்துக் காலில் தெறிக்கிறது,
ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாய் நிற்கிறேன்.
"கேக்குதோ?"
"கேக்குதம்மா."
"சரி."
வைத்துவிட்டா.
குலவீரன் கையைக் காட்டுகிறான்:
இன்னும் நாலு நிமிடம்.