எட்டில் ஐந்து

"வேலியில போற ஓணானை..." என்று ஆரம்பித்து
பாதியில் நிறுத்திக்கொண்டார் மாடிவீட்டுச் சோலையப்பன்.
மீதி எனக்கும் தெரியும்.
இதற்குத் தாடி உண்டு, ரசீது உண்டு.
நீளம்தான் நடுவிரல் அளவு.

காரைக்குடிச் சித்திரையில்
ஏசியை அணைத்துவிட்டு
நாற்பது டிகிரிக்கு பல்பு போட்டவர்கள்
நாங்களாகத்தான் இருப்போம்.

வந்த அன்று முன்கையைத் தூக்கி
மெல்ல அசைத்தது.
உமையாளும் கை காட்டினாள்.
பயந்தால் அப்படிச் செய்யுமாம்,
இரவு படித்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து நாள்.
கால்சியம் பூசிய சுவர்க்கோழிக் குஞ்சுகள்
அதன் முதுகில் ஏறி இறங்கின.
முருங்கை இலையைப் பொடியாய் அரிந்து வைத்து
பெண் பார்க்க வந்தவர்கள்போல்
விடாமல் பார்த்தோம்.
அது கண்ணை மூடிக்கொண்டது.

கண்ணாடிக்குள் இன்னொருவன் நிற்கிறான் என்று
விறைத்துப் போகிறது,
உமையாள்தான் கண்டுபிடித்தாள்.
மூன்று பக்கமும்
கிழிந்த கண்டாங்கியைத் தொங்கவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டு
சந்தைக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்து எண்ணினேன்.
விட்டது எட்டு, இருந்தது ஐந்து.
தாடியில் ஒரு கால் ஒட்டியிருந்தது.

ராத்திரி
என் கணுக்காலில் என்னவோ ஊர்ந்தது.
"சரி, அப்போ ரெண்டு" என்றாள் உமையாள்,
இருட்டில்
ஒரு விரலை மடக்கி.