ஒரு சுற்று

கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடிக்கு
இன்னும் பழகவில்லை.
ராத்திரி யாரோ தரையில்
ஓர் ஆணியை நட்டுவைத்துப் போகிறார்கள்.
சுவரைப் பிடித்துக் குளியலறை வரை
ஏழு அடி.
எட்டாவதில் கொஞ்சம் இளகும்.

"ஓட்டம் வேண்டாம்" என்றார் டாக்டர் கான்வில்கர்.
"ஓய்வும் வேண்டாம்" என்றார் அதே மூச்சில்.
இரண்டுக்கும் நடுவே நிற்கலாமா என்றேன்.
நிற்கவே கூடாதாம்.

ஆகவே ஆபீஸ் மேஜைக்கடியில்
ஐஸாக உறைந்த பாட்டிலைக்
காலால் உருட்டியபடி ஜிஎஸ்டி கணக்கு.
போன வெள்ளிக்கிழமை மூடி கழன்று
கோத்ரெஜ் அலமாரி வரை ஓடியது தண்ணீர்.
என்னைவிட வேகமாக.

தாதர் பாலத்தில் கம்பியோரமாக ஏறுகிறேன்.
எட்டு பதினாலைப் பிடிக்கும் கூட்டம்
"சலா, சலா" என்று முதுகில் இடிக்கிறது.
குதிகால் என்று பெயர் வைத்தவருக்கு
அது வலித்திருக்காது.

மாட்டுங்கா ஐந்து தோட்டத்தில்
மார்ச் வரை ஆறு சுற்று ஓடியவள் நான்.
இப்போது ஒன்று, அதுவும் நடை.
பெரின் தாருவாலா முந்திப் போகிறாள்.
அவளுடைய கிழட்டு லாப்ரடாரும் போகிறது,
மரத்துக்கு மரம் நின்று மோந்துவிட்டும்.

நேற்று மழை.
கேட்டருகே குட்டை.
யோசிக்காமல் தாண்டிவிட்டேன்.
நல்ல காலில்தான் விழுந்தேன், பயம் பிறகு வந்தது.
பெரின் பார்த்தாளா என்று திரும்பினால்
போனில் யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

நாய் பார்த்தது.