பி நாலு

போட்டோவில் எல்லா மெஷினும் குளிருகிறது.
அதனால்தான் முன்பணம் கேட்டவனுக்குப்
பதிலே போடவில்லை.
முந்தாநாள் ஓசூர் என்றான், நேற்று சூரத்.
லாரி வாடகை மட்டும் அனுப்புங்கக்கா,
வண்டி சங்ககிரி தாண்டிருச்சு என்றான்.
தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணபதியில், மோட்டார் கடைகளுக்குப் பின்சந்தில்
சென்னியப்பனின் தகரக் கொட்டகை.
ஏழெட்டு மெஷின்கள் சுவரைப் பார்த்து நின்றன,
வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி.
ஒன்றைத் திருப்பி சுவிட்சைப் போட்டார்.
"எரியுது பாருங்க."
விளக்குத்தானே,
கடன்காரன் வீட்டிலும் எரியும்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
"எத்தன நேரமுங்க பாப்பீங்க?"
"நாலு மணி நேரமுங்க."
தூக்குப்போசியில் தக்காளிச் சோறு கொண்டுபோயிருந்தேன்.

பதினோரு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவள்.
பனியனில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும்
விரல் தானாக நின்றுவிடும்.
உள்ளே வைத்த தண்ணீர் பாட்டில்
மூன்றாம் மணியில் வேர்த்தது.
சுருள் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டேன்.
முதுகுத் தகட்டின் நம்பரும்
பில்லில் இருந்த நம்பரும் ஒன்றுதான்.
பைனான்ஸ்காரன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.
சாவி இரண்டு தந்தார்.
மூன்றாவது எங்கே என்றேன்.
மேசை டிராயரில், ஊதுபத்திக் கட்டுக்கு அடியில் கிடைத்தது.
எழுபத்தெட்டில் ஆரம்பித்தவர்
அறுபத்தொன்றுக்கு இறங்கினார், ஏற்றுக்கூலி அவருடையது.
தள்ளி எடுத்த சீட்டுப் பணம்,
எண்ணும்போது அவர் எச்சில் தொட்டது பிடிக்கவில்லை.

திருப்பூர் நல்லூரில், நிட்டிங் கம்பெனி வாசலுக்குள்,
டைம் ஆபீசுக்கு எதிரே நிறுத்தினேன்.
கடலை மிட்டாய், முறுக்கு, பன்னு, மோர்.
எல்லாம் பத்து ரூபாய்.
ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடை கிடையாது.
ஒடிசாப் பையன்கள் போனை நீட்டினார்கள், எண்ணை அமுக்கினார்கள்.
சுருள் சுற்றும், ஒரு கணம் யோசிக்கும்,
தொப்பென்று விழும்.
கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.

என் போன் ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை.

"அக்கா, உங்க பேரு மனோரஞ்சிதமா?"
பையன் காட்டிய திரையில்
கரூர் மனோரஞ்சிதம் ஏஜென்சி.
கம்ப்ரெசரைப் பார்த்தேன், போர்டைப் பார்த்தேன்,
கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்கேன் காகிதத்தைப் பார்க்கவில்லை.
நானா செக்கிங்.

சென்னியப்பன் தந்த நம்பரில்
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"நீங்கதானுங்களா?
ராத்திரியெல்லாம் டிங்கு டிங்குன்னு.
அந்தச் சத்தம் கேட்டு எட்டு மாசமாச்சுங்க.
யாரோ தப்பா அனுப்பறாங்கன்னு ஊட்டுக்காரர் திரும்பிப் படுத்துட்டார்.
நான் எந்திரிச்சு உக்காந்துட்டனுங்க."

அழுவாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.
"நான் காலேஜுல வெச்சனுங்க.
வெள்ளிக்கெழம வாச்மேன் மெயினை அமத்திட்டுப் போயிருவான்.
திங்கக்கெழம வந்து தெறந்தா
சாக்லேட்டெல்லாம் கொழம்பு."
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
பிள்ளையின் கெட்ட பழக்கத்தைச் சொல்கிறவள் மாதிரி:
"பி நாலு கா சுத்துக் கம்மியாச் சுத்துமுங்க.
காலியா இருந்தாத் தெரியாது.
மேல தட்டுனா உழுகும்.
தட்டச் சொல்லித் தராதீங்க,
அப்பறம் எல்லாத்தையும் தட்டுவாங்க."

வைத்த கையோடு பணம் வந்தது.
நானூற்று நாற்பது.

மறுபடி பார்த்தேன்.
நாற்பத்து நாலு பத்து.
என் காதில் விழுந்தது நாற்பத்து மூன்று.

புதுக் காகிதம் ஒட்டியாயிற்று, என் பெயரில்.
ரெண்டு மணி.
பத்து ரூபாய்த் தாளோடு நிற்கிறேன்.
நேத்து யாருக்கு விழல?
தமிழில் கேட்டேன், தெரிந்த இந்தியில் கேட்டேன்,
பி நாலைத் தொட்டுக் காட்டினேன்.
எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள்.
ஒருவன் மட்டும் மெஷின் பக்கம் திரும்பாமல்
தண்ணீர்க் குழாய்க்குப் போகிறான்.