கடைசியாகப் புதுப்பித்தது

பக்கத்தின் அடியில்
கொசு அளவு எழுத்தில் ஒரு தேதி.
அதுதான் என் வயிற்றுப்பாடு.

வெருலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கும் கடை.
முன்னால் முதலாளி தனபாலன் படையாச்சி.
பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே,
நானும் ஒரு கணினியும்.
திங்கட்கிழமைதோறும் கதவில் தலை மட்டும் நீளும்:
"புதுசா ஏதாவது போடும்மா.
பீனிக்ஸ்காரன் மாதிரி ஆயிடாதே."

பீனிக்ஸ்காரன் இணையதளத்தில்
மூன்று வருஷத்துக்கு முந்தைய தீபாவளி விளக்கு
இன்னும் அணையாமல் ஆடுகிறது.
கடையை மூடிவிட்டானா என்று
அவன் வாடிக்கையாளர்கள் எங்களிடம் விசாரிக்கிறார்கள்.
ஊசிப்போன சாம்பாரை
யாரும் நக்கிப் பார்ப்பதில்லை,
மூக்கே சொல்லிவிடும்.

இருட்டு இருந்தவரை எனக்குக் கவலை இல்லை.
இருட்டே எழுதித் தந்தது.
இன்று நான்காம் கட்டம், நாளை ஆறு,
எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு,
ஃப்ரீசரில் மீன் எத்தனை மணி நேரம் தாங்கும்,
கரண்ட் இல்லாதபோது கேட்டைக் கையால் திறப்பது எப்படி.
ஒரே நாளில் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.
ஊரே அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்
இஸ்திரி போட்டது, அரிசி களைந்தது.
எங்கள் கல்லா மட்டும் மினுங்கியது.

பிறகு ஒருநாள் மின்சாரம் வந்தது.
வந்தது, போகவில்லை.
ஒரு வாரம். ஒரு மாதம்.
கரும்புத் தோட்டத்து மேட்டிலிருந்து பார்த்தால்
கடல்வரைக்கும் விளக்குகள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் வெற்றுத் திரையில்
கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரங்களில் ஒரு திருட்டுத்தனம் செய்தேன்,
சொல்லிவிடுகிறேன்:
வேறெதையும் தொடாமல்
தேதியை மட்டும் மாற்றினேன்.
கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான்.

ஒரு வியாழக்கிழமை போன் வந்தது,
ரெட்கிளிஃபிலிருந்து லெங்கிவே.
குரலில் கோபம் இல்லை, களைப்பு.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்தவள்
எட்டு முதல் பத்தரை வரை இருட்டு என்று
எங்கள் பக்கத்தில் படித்துவிட்டு
ஐந்து மணிக்கே சமைத்து
பிள்ளையைக் குளிப்பாட்டி
பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பி
தீப்பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.
எட்டு. எட்டரை. ஒன்பது.
விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம்.
"உங்க இருட்டு வரவேயில்லையே" என்றாள்.

உங்க இருட்டு.

மன்னிப்புக் கேட்டேன்.
போனை வைத்ததும் அட்டவணையை அழித்தேன்.
பக்கம் மொட்டைச் சுவர் மாதிரி நின்றது.

மாலையில் வேனை நிறுத்திவிட்டு
லுங்கேலோ கைக்குட்டையில்
எதையோ பொதிந்து கொண்டுவந்தான்.
டோங்காட்டில் ஒரு வீட்டு இன்வெர்ட்டர்
சத்தமில்லாமல் செத்திருக்கிறது.
திறந்தால் உள்ளே ஒரு பல்லி.
இரண்டு கால் இந்தக் கம்பியில், இரண்டு கால் அந்தக் கம்பியில்,
பாலம் போட்ட வாக்கில் கருகியிருந்தது.
யாரும் எட்டிப் பார்க்காத வெளிச்ச மாதங்களில்
கதகதப்பாகக் குடியேறியிருக்கிறது.

படம் எடுத்தேன்,
ஓரத்தில் லுங்கேலோவின் கட்டைவிரல் விழுந்தது, விட்டுவிட்டேன்.
கீழே நாலு வரி:
இப்போது கரண்ட் இருக்கிறது.
சும்மா கிடக்கும் இயந்திரத்தில் யாராவது குடியிருக்கலாம்.
காற்றுத்துளைக்குக் கொசுவலை கட்டுங்கள்.
வலை எங்களிடம் இல்லை, எதிர்க்கடையில் கிடைக்கும்.

முதலில் வரிகளை மாற்றினேன்.
தேதியைக் கடைசியாக.

"எதிர்க்கடைக்கு விளம்பரமா?"
படையாச்சி வாயைப் பிளந்தார்.
சனிக்கிழமைக்குள் பதினோரு போன்.
எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் ஏதோ இருந்தது:
எறும்பு, கரப்பான் முட்டை,
எப்படி உள்ளே போனதென்று
யாருக்கும் தெரியாத ஒற்றைத் தோடு.
லுங்கேலோ வேனைத் துடைக்கக்கூட நேரமில்லை.

திங்கட்கிழமை.
கதவில் தலை நீளுகிறது.
"பல்லி பழசாயிடுச்சும்மா."