பிரிக்ஸ் பதினாலு

ஜூன் மாதம் காவேரிப்பட்டணத்தில்
தெருநாய்க்கும் மாம்பழ வாசம்.
ஆலை வாசலில் தொடங்கிய லாரி வரிசை
பெட்ரோல் பங்க் தாண்டி நிற்கிறது.
பெட்டி சரிந்தால் டிரைவர் திட்டுவது தெலுங்கில்,
வேடியப்பன் எடை சொல்வது தமிழில்,
ஈக்களுக்கு இரண்டும் தெரியும்.

என் அறை மட்டும் குளிர்ந்த அறை.
வெள்ளை டைல்ஸ், ஒரு ஸ்டூல்,
மூலையில் கைகழுவும் தொட்டி.
கண்ணாடிமேல் ஒரு சொட்டு கூழ் வைத்து
மூடியை அமுக்கி
ஜன்னலுக்கு நேரே தூக்கி
ஒரு கண்ணை மூடிக்கொள்வேன்.
உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு
பதினாலில் நிற்க வேண்டும்.
கிளிமூக்கு பெரும்பாலும் நிற்கும்.
மழை குடித்த தோப்புப் பழமோ
பன்னிரண்டரையிலேயே உட்கார்ந்துவிடும்
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி.

பதினெட்டு சீசனாக இந்தக் கோடு.
அலுக்கவில்லை என்றால்
தருமபுரியிலிருந்து தங்கச்சி போனில் சிரிக்கிறாள்.
'சொட்டு சொட்டாப் பாத்து
என்னக்கா கண்டே?'
என்ன சொல்வது.
சந்தூர் மேட்டுப் பழமா
பர்கூர்ப் பக்கத்துச் செம்மண்ணா
நாக்கு முதலில் சொல்லும்,
கருவி அப்புறம் ஒத்துக்கொள்ளும்.
அந்த இரண்டு நொடி இடைவெளியில்
எனக்கு வரும் சந்தோஷத்தை
போனில் எப்படிக் காட்டுவது.

போன செவ்வாய் மேனேஜர் கூப்பிட்டார்.
அக்கவுண்ட்ஸுக்கு வந்துவிடுங்கள்,
சாய்மான நாற்காலி, நாலாயிரம் கூட.
'அங்க வாசம் வராதே சார்' என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
அப்புறம் மின்விசிறியை.

ஆறரைக்கு வீடு.
மாடியில் ஒரு அறை, இரண்டு பர்னர்,
ஏழு கிண்ணம்.
நாளெல்லாம் மஞ்சள் பார்த்த கண்ணுக்கு
வீட்டில் மஞ்சள் ஆகாது.
ஓசூர்க் குடைமிளகாயில் சிவப்பை மட்டும் பொறுக்கி
மஞ்சளைக் கடையிலேயே விட்டுவிடுவேன்.
குழம்புக்கு மஞ்சள்தூள் கிள்ளும்போது மட்டும்
நீயுமா, என்று கேட்டுவிட்டுப் போடுவேன்.

ராயக்கோட்டைத் தக்காளி
எண்ணெயில் தோல் சுருண்டு கிடக்கும்.
புளிச்சகீரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பச்சையைக் கைவிட்டுவிடும், தடுக்க முடியாது.
கத்தரிக்காயின் ஊதாவைக் காப்பாற்றலாம்:
சூடு அதிகம், நேரம் குறைவு,
பக்கத்தைவிட்டு நகரக் கூடாது.
பீட்ரூட்டைத் தயிரில் துருவினால்
முதலில் கோடு கோடாக, பிறகு மொத்தமாக
கல்யாணப் பந்தல் துணி நிறம்.
நடுவில் ராகிக் களி உருண்டை,
நனைந்த நிலத்தைப் பிடி அள்ளி வைத்ததுபோல.
அது இல்லாவிட்டால்
மற்ற நிறங்களுக்கு நிற்க இடம் கிடையாது.

கீழ்வீட்டு மாதம்மா துணி எடுக்க வந்து
தட்டை எட்டிப் பார்த்தாள்.
'ஒத்த ஆளுக்கு எதுக்குடி
இத்தன கிண்ணம்?'
'கழுவறது நான்தானே' என்றேன்.
சிரித்துக்கொண்டே
பீட்ரூட்டை விரலில் தொட்டு நக்கிவிட்டுப் போனாள்.
புடவைத் தலைப்பில் ரோஸ் கறை.
நாளைக்குத் திட்டுவாள்.

உட்கார்ந்தேன். கரண்ட் போனது.
தெருவே ஒரு குரலில் 'ச்சே' என்றது.
இருட்டில் சாப்பிட்டால் ருசி இருக்கும்,
சமைத்ததில் பாதி இருக்காது.
போன் டார்ச்சைத் தட்டில் அடித்தேன்.

பீட்ரூட் தயிர் மெல்ல நகர்ந்து
தக்காளிச் சாற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.
இரண்டும் கலக்காமல்
நடுவே மெல்லிசாய் ஒரு கோடு.

தலையைச் சாய்த்தேன்.
ஒரு கண்ணை மூடினேன்.
எத்தனையில் நிற்கிறது என்று
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எழுதி வைக்க இங்கே ரிஜிஸ்டர் இல்லை.
களி வேறு ஆறுகிறது.