காயாத புலி

வெயில் எறிக்கும் என்று நம்பித்தான்
இன்றைக்குக் கம்பளியைத் தோய்த்தேன்.
வருசத்தில் இரண்டு தரம்.
பிழிய இரண்டு பேர் வேண்டும்,
ஒரு தலைப்பில் நான், மறு தலைப்பில் ரெஜினா.
முறுக்க முறுக்க நடுவில்
புலியின் முகம் கோணிக் கொட்டாவி விடும்,
வாயால் சவர்க்கார நுரை வழியும்.

மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது.
பெரியகல்லாற்றில் மழை
கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இப்போது விறாந்தையில்
இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் கிடந்து
அது சொட்டுகிறது.
கட்டிலில் நான்,
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிறுகிக்கொண்டு.

ஐம்பத்திரண்டு வயது.
சீனிக்கு இரண்டு குளிசை, பிறசருக்கு ஒன்று.
சீட்டுப் பிடிக்கிறேன்,
பள்ளிக்கூடக் கன்ரீனில்
முந்நூறு பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிறேன்.
போர்வை இல்லாமல் நித்திரை வரவில்லை என்று
யாரிடம் போய்ச் சொல்ல?

புவனேந்திரனுக்கு இது எப்போதும் பகிடி.
"இந்த வெக்கைக்குள்ள கம்பளி,
கம்பளிக்கு மேல ஐஞ்சில ஃபேன்,
ஃபேனுக்குக் கரண்ட் பில்.
உன்னை நித்திரையாக்க
லக்சபானாவில தண்ணி திறக்கவேண்டிக் கிடக்கு."

குளிருக்கு இல்லை அது.
பாரத்துக்கு.
நெஞ்சில் கை வைத்து
இனிக் கிட, என்று சொல்கிற பாரம்.

குவைத்தில், குசினிக்குப் பின்னால்
அரிசி மூட்டைகளோடு என் படுக்கை.
ஏசியின் பட்டன் வேறு அறையில்.
பிறந்ததிலிருந்து வியர்த்த உடம்பு
நடுங்கப் பழகியது அங்கேதான்.
மூன்றாம் மாதச் சம்பளத்தில் நாலரை தினார்.
வீட்டுக்கு அனுப்பாமல்
எனக்கென்று வாங்கின முதல் சாமான்.
ரோசாப்பூப் போட்டது முடிந்துவிட்டது என்றான் கடைக்காரன்.
புலிதான் மிச்சம்.

புலியோடு இந்த நாட்டுக்குள் வரலாமா என்று
விமானம் இறங்கின பிறகுதான் யோசித்தேன்.

புணானையில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள்.
பையைத் திற என்றான். திறந்தேன்.
மஞ்சள் கண்ணும் பல்லுமாய்
அது அவனை நிமிர்ந்து பார்த்தது.
வரிசையில் ஒருவரும் இருமவில்லை.
மீசை சரியாய் அரும்பாத பெடியன்.
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு
புறங்கையால் ஒருதரம் தடவினான்.
மறுகா ஒருதரம்.
சிங்களத்தில் என்னவோ கேட்டான்.
விலையென்று நினைத்து நாலு விரல் காட்டினேன்.
பின்னாலிருந்து யாரோ அதட்ட
சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.
விலையைத்தான் கேட்டானோ,
இன்றைக்கும் தெரியாது.

இப்போது அதற்கு ஒரு கண்தான்.
மற்றது நான் கன்னம் வைக்கிற இடம்,
மயிர் உதிர்ந்து, துணி வெளுத்துவிட்டது.
மகள் லண்டனிலிருந்து அனுப்பினது
பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது.
நல்ல சாமான். பாரமே இல்லை.

இரண்டு மணிக்கு எழும்பினேன்.
வால் பக்கம் ஒரு முழம் காய்ந்திருந்தது.
இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு
அந்த ஒரு முழத்தை மடியில் எடுத்தேன்.
மிச்சப் புலி சீமெந்தில் சொட்டியது.
நுளம்பு.

உள்ளே குறட்டை நின்றது.
"என்னகா, அழுறியா?"
"இல்ல. மழை விட்டிட்டா எண்டு பாக்கன்."
கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு, வயர் காலில் தட்டுப்பட,
ஸ்ராண்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
புலிக்கு நேரே வைத்தார்.
ஐஞ்சில் போட்டார்.
வெறும் மேலோடு நின்று
ஒரு கொட்டாவி விட்டார்.